அடைக்கலங் காத்தோர்

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன், கோட்டக்குப்பம்)

சிலப்பதிகாரம் பயிலும் மாணாக்கர் யாவரும் கண்ணகியைப் போற்றுவர், கோவலனுக்கு இரங்குவர், செங்கோல் வளைந்ததென்று உயிர்விட்ட பாண்டியனை வியப்பர். மாதரியை நினைப்போர் மிகச் சிலரே. இயக்கிக்குப் பால்மடை கொடுத்து மீண்டு வந்த ஆயர் முதுமகள் அவள். மதுரைப் புறஞ்சேரியிலே கவுந்தியடிகள் கண்ணகியை அவள் கையில் அடைக்கலமாக ஒப்புவித்தார். அவள் பலவும் வினவவில்லை. கைப்பற்றி அழைத்துச் சென்றாள். புதுமனை ஒன்றில் இருத்தினாள். தன் மகள் ஐயையைத் துணையாக்கினாள். பின்னர்க் கோவலன் கொலையுண்ட செய்தி எட்டியபொழுது, அடைக்கலத்தைக் காவாது இழந்தேனே என்று எரியிற் புகுந்தாள். அரசனுக்கு நீதி எவ்வளவோ, அவ்வளவே இடைச்சிக்கு அடைக்கலம் என்பதனை இளங்கோவடிகள் இங்ஙனம் குறிப்பாற் பெறவைத்தார்.

அடைக்கலம் என்பது யாது? பசித்தார்க்குச் சோறிடுவது ஈகை. வழிப்போக்கனுக்குத் திண்ணை தருவது விருந்தோம்பல். துரத்தப்பட்டு வந்தவனை உள்ளே விட்டுக் கதவடைத்து, அவனைத் துரத்துவோன் எதிரே நிற்பதே அடைக்கலம். முன்னவை இரண்டிலும் நாம் இழப்பது பொருள். பின்னதிலோ நம்மையே இழக்க நேரும். ஆதலின் அடைக்கலம் தருவாரை இரு திறத்தினராகப் பகுத்துக் காண்டல் தகும். அதிகாரமும் செல்வமும் உடையோர் தரும் அடைக்கலம் ஒன்று. அவை யாதுமில்லாக் குடிகள், அரசாணையையும் மீறித் தரும் அடைக்கலம் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் நம் நாட்டிலும் பிற நாட்டிலும் மெய்யாக நிகழ்ந்த சான்றுகளை இக்கட்டுரையில் ஒருங்கு வைத்து நோக்குவோம்.

முதலாவதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. யூதர் பல நாடுகளில் அலைக்கழிக்கப்பட்டனர். இந்நாட்டிலோ அவர்கட்கு இடம் கிடைத்தது. ஏறத்தாழக் கி. பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், இசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் அளித்துச் செப்பேடு பொறித்தான். அதன் எழுத்து வட்டெழுத்து. பதினாறாம் நூற்றாண்டிலே போர்ச்சுகீசியரால் நெருக்குண்ட யூதருக்குக் கொச்சி அரசன் தன் அரண்மனையை அடுத்தே நிலம் வழங்கினான். 1568-இல் அங்குக் கட்டப்பட்ட தொழுகைக்கூடம் மட்டாஞ்சேரியில் இன்றும் நிற்கின்றது. அரண்மனைச் சுவருக்கும் தொழுகைக்கூடச் சுவருக்கும் இடையே தூரமில்லை. அரசன் அவர்களைத் தன் நிழலிலேயே வைத்துக்கொண்டான் என்பதற்கு அதனினும் தெளிவான சாசனம் வேண்டா.

இத்தகைய அரசர் அடைக்கலம் இரண்டாம் உலகப் பெரும்போர்க் காலத்திலும் நம் நாட்டில் நிகழ்ந்தது. 1939 செப்டம்பரில் ஜெர்மனியும் சோவியத்து நாடும் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டன. கிழக்குப் பகுதியினின்று இலட்சக்கணக்கான மக்கள் சைபீரியாவிற்கும் நடு ஆசியாவிற்கும் நாடு கடத்தப்பட்டனர். குளிராலும் பசியாலும் பெற்றோரை இழந்த பிள்ளைகள் அனாதை விடுதிகளில் குவிந்தனர். 1941-இல் சோவியத்து அரசு அவர்களை விடுவித்தபின், ஏற்பார் யார் என்ற வினா எழுந்தது. அப்பொழுது நவாநகர் அரசரான ஜாம் சாகிப் திக்விஜயசிங்கர், அப்பிள்ளைகளைத் தம் சமஸ்தானத்திற்கு அழைத்தார். பாரசீகத்தின் வழியாகச் சரக்கு வண்டிகளில் பாலையையும் மலையையும் கடந்து குவெட்டா வந்து, நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியர் 1942-இல் பாலாச்சடி என்னும் கடற்கரைக் கிராமத்தை அடைந்தனர்.

பாலாச்சடி கட்ச் வளைகுடாக் கரையில் உள்ளது. அரசரது கோடைகால மாளிகையின் அருகே பிள்ளைகளுக்கு விடுதிகள் எழுந்தன. பள்ளியும் மருத்துவமனையும் கோயிலும் அமைந்தன. போலந்து நாட்டுக் குருவான பிரான்சிசெக் புளூதா அடிகள் முகாமை மேற்பார்த்தார். பிள்ளைகள் தம் மொழியை மறவாதபடி போலிஷ் மொழியிலேயே கல்வி நடந்தது. நீங்கள் இனி அனாதைகள் அல்லீர். நவாநகர மக்கட்கெல்லாம் நான் 'பாப்பு', ஆதலின் உங்களுக்கும் நானே தந்தை என்று அரசர் முதல்நாளிற் கூறியதாக அப்பிள்ளைகள் முதுமையிலும் நினைவுகூர்ந்தனர். அவித்த கீரையை உண்ண மாட்டோம் என்று பிள்ளைகள் ஒருமுறை மறுத்தார்கள் என்றும், செய்தி அறிந்த அரசர் இனிக் கீரை சமைக்க வேண்டா என்று ஆணையிட்டார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. அகதிக்குச் சோறிடுவோர் உளர். இச்சோறு வேண்டா என்று சொல்லும் உரிமையையும் அளிப்போர் அரியர். கோலாப்பூரை அடுத்த வலிவாடே என்னும் ஊரிலும் 1943 முதல் 1948 வரை ஏறக்குறைய 5000 போலந்து மக்கள், பெரும்பாலும் பெண்டிரும் பிள்ளைகளும், தங்கினர். இவர்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். யூதப் பிள்ளைகளும் சிலர் இருந்தனர். அவ்வாண்டுகளிலேயே, பாரசீகத்தில் தங்கியிருந்த எண்ணூற்றுக்கு மேற்பட்ட யூத அனாதைப் பிள்ளைகள் கராச்சித் துறைமுகத்தின் வழியாகக் கடல் கடந்து 1943 பிப்ரவரியில் பாலஸ்தீனம் சேர்ந்தனர். பிற்காலத்தில் வார்சா நகரம் தன் சதுக்கமொன்றிற்கு 'நல்ல மகாராஜா' என்று பெயரிட்டு நன்றி செலுத்தியது.

இவையெல்லாம் பெருஞ்செயல்களே. ஆயினும் கொச்சி அரசனுக்கும் நவாநகர் அரசருக்கும் ஒரு வசதி இருந்தது. அவர்கள் வாயிலில் காவலர் நின்றனர், அக்காவலர் அவர்களுடையவர். வாயிலைத் தட்டும் காவலன் பகைவனாயிருப்பின் குடியானவன் என் செய்வான்? இதுவே நம் இரண்டாம் வினா.

இவ்வினாவிற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு விடை உண்டு. 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர் திருச்சிராப்பள்ளியினின்று வேதாரணியத்திற்கு உப்பெடுக்க நடந்தனர். தொண்டருக்கு உணவோ இடமோ கொடுப்பவர் சிறை புகுவர் என்று தஞ்சை மாவட்டக் கலெக்டர் தோர்ன் என்பார் அறிவிப்புச் செய்தார். குடிகள் என் செய்தனர்? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளிற் கட்டித் தொங்கவிட்டனர். மரத்தில் தொங்கும் பொட்டலத்திற்குத் தந்தவன் பெயர் இல்லை. ஆணை யாரைச் சிறை செய்யும்? கும்பகோணத்தில் வெளிப்படையாகவே தம் மனையில் தொண்டரை ஏற்ற பந்துலு ஐயர் சிறைத் தண்டம் பெற்றார். உப்பளக் கரையிற் பிறந்த எனக்கு இவ்வரலாறு எப்பொழுதும் இனிது.

எனினும் அங்கே விலை ஆறு திங்கட் சிறை. ஐரோப்பாவிலோ விலை உயிர். ஹிட்லரின் ஆட்சி ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதரைக் கொன்றது. ஆணை பிறப்பித்தோர் சிலர். பட்டியல் எழுதியோர், வண்டி ஓட்டியோர், அண்டை வீட்டானைக் காட்டிக் கொடுத்தோர், கண்டும் காணாது சன்னலைச் சாத்தினோர் பலர். அந்தப் பலரின்றி அந்தச் சிலரால் இத்துணைக் கொலை இயன்றிராது. அவ்விருளில் ஒரு மலையூர் மட்டும் வேறு விதமாக நடந்தது. அவ்வூரின் பெயர் லெ ஷாம்போன்.

அது பிரான்சு நாட்டின் நடுத்தெற்கே, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலச் சிற்றூர். மாடு மேய்த்தும் உழுதும் வாழ்ந்த எளிய குடிகள், நீண்ட பனிக்காலம். அவ்வூரார் பெரும்பாலும் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர். இவர்தம் முன்னோர் வரலாற்றை அறியாது இவர் செயலை அறிதல் அரிது. 1685-இல் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி அவர்தம் சமயத்தைச் சட்டத்திற்குப் புறம்பாக்கினான். ஒரு நூற்றாண்டளவு அவர்கள் காட்டிலும் மலைக்குகையிலும் கூடி இறைவனை வழிபட்டனர். மேரி துராந் என்னும் பெண்மணி, தன் சமயத்தை விடேன் என்று 1730 முதல் 1768 வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள் கோட்டைச் சிறையில் இருந்தாள். இத்தகைய கதைகளைப் பாட்டிமார் அடுப்படியிலே பேரர்க்குச் சொல்லிவந்த ஊர் அது. துரத்தப்படுதல் யாதென்பதை அவர்கள் ஏட்டிற் படித்தறிந்தவர் அல்லர்.

அவ்வூர்த் திருச்சபைக்கு 1934-இல் போதகராக வந்தவர் ஆந்த்ரே த்ரொக்மே. போரை அறவே மறுக்கும் கொள்கையினர். எதுவார் தெய்ஸ் என்னும் போதகரோடு சேர்ந்து 1938-இல் ஒரு பள்ளியும் நிறுவினார். 1940 ஜூன் 22-இல் பிரான்சு ஜெர்மனியிடம் பணிந்தது. மறுநாள் ஞாயிறு. மனச்சான்றிற்கு மாறானதைச் செய்யச் சொன்னால் ஆவியின் படைக்கலங்கொண்டு எதிர்த்து நிற்றல் கிறிஸ்தவன் கடன் என்று இவ்விரு போதகரும் அன்று அறிவித்தனர். எங்கள் ஊரின் தெற்கெல்லையாகிய புதுச்சேரியும் அக்காலத்தில் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அது விஷி அரசை விடுத்துத் தளபதி தெ கோலின் பக்கம் சேர்ந்தது. லெ ஷாம்போனுக்கோ அந்தத் தெரிவு இல்லை. அது விஷி ஆட்சியின் உள்ளேயே கிடந்தது.

முதற்பனிக்காலத்தில் ஒரு மாலை, போதகர் மனைக் கதவை ஒருத்தி தட்டினாள். ஜெர்மனியினின்று தப்பி ஓடிவந்த யூதப்பெண்; மேலெல்லாம் பனி. உள்ளே வரலாமா என்று கேட்டாள். போதகரின் மனைவி மாக்தா, வருக என்றாள். அவ்வளவே. பெரிய திட்டமோ, சங்கமோ, தீர்மானமோ அதற்கு முன் இல்லை. மாதரியும் மாக்தாவும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவர் செய்கையும் ஒன்றே.

ஒருத்திக்குத் திறந்த கதவு பின்னர் அடைபடவில்லை. 1940 முதல் 1944 வரை அம்மேட்டுநில ஊர்களில் தங்கினோர் ஏறத்தாழ 5000 பேர் என்றும், அவர்களுள் 3000-க்கு மேற்பட்டோர் யூதர் என்றும் கூறுவர். குவேக்கர் சங்கத்தாரும் சுவிட்சர்லாந்து உதவிக் கழகத்தாரும் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தப் பொருள் தந்தனர். குடியானவர் தம் பண்ணை வீடுகளில் ஒருவர் இருவராக ஏற்றனர். அகதிகளை அனுப்பும் செய்தியில், 'பழைய ஏற்பாட்டுப் புத்தகங்கள்' இத்தனை வருகின்றன என்று குறிப்பது வழக்கமாயிற்று. பொய்ப்பெயரும் பொய்ச்சான்றும் வேண்டியிருந்தன. ஆஸ்கார் ரோசோவ்ஸ்கி என்னும் யூத இளைஞன், இருபது வயதும் நிரம்பாதவன், ஒரு பண்ணையில் மறைந்திருந்து நூற்றுக்கணக்கானோர்க்கு அச்சான்றுகளை ஆக்கினான். கருவிகளையும் தாள்களையும் தேன்கூட்டுப் பெட்டிகளில் ஒளித்தான். தேனீக்களைக் கலைத்துச் சோதனையிட எக்காவலன் துணிவான்? காவலர் வரும்பொழுது அகதிகள் காட்டிற்குள் சென்றுவிடுவர். அவர் போனபின் ஊரார் காட்டோரம் சென்று ஒரு பாட்டுப் பாடுவர். அது கேட்டு, ஆபத்து நீங்கியதென்று அவர்கள் திரும்புவர்.

கல்லூரி மாணாக்கராகிய நாம் சிறப்பாக உளங்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1942 ஜூலையில் பாரிசு நகரத்தில் ஏறத்தாழ 13,000 யூதர், குழந்தைகள் உட்பட, இரண்டே நாளிற் சிறைபிடிக்கப்பட்டனர். அடுத்த திங்கள் 10-ஆம் நாள், விஷி அரசின் இளைஞர் துறைத் தலைவர் லாமிராந் என்பார் லெ ஷாம்போனுக்கு வந்தார். வரவேற்பு முடிந்ததும் பள்ளி மாணாக்கர் சிலர் அவரிடம் ஒரு கடிதம் நீட்டினர். பாரிசில் நடந்தவற்றை அறிவோம். எங்களிடையே யூதர் உளர். அவர்களைப் பிடிக்க வந்தால் நாங்கள் ஒளித்து வைப்போம் என்பதே அதன் பொருள். இரு வாரத்திற்குள் காவலர் வண்டிகளுடன் வந்தனர். யூதர் பட்டியலைத் தருக என்று போதகரைக் கேட்டனர். யூதர் இன்னார் என்று நாம் அறியோம், மனிதரையே அறிவோம் என்னும் கருத்துப்பட விடையிறுத்துப் பட்டியல் தர மறுத்தார் த்ரொக்மே. மூன்று வாரம் தேடியும் அகப்பட்டவர் மிகச் சிலரே. வெறுங்கையொடு வண்டிகள் திரும்பின.

இதற்கு விலை கொடாமலில்லை. 1943 பிப்ரவரியில் இரு போதகரும், ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் ரோஜே தார்சிஸாக்கும் சிறைபிடிக்கப்பட்டுச் சில வாரம் முகாமிற் கிடந்தனர். அவ்வாண்டு ஜூன் 29-இல் ஜெர்மன் இரகசியக் காவலர் மாணவர் விடுதி ஒன்றைச் சூழ்ந்தனர். அதன் பொறுப்பாளன் தானியேல் த்ரொக்மே, போதகரின் உறவினன், முப்பது வயதளவினன். தன் மாணவரை விட்டுத் தான் மட்டும் நீங்க மனமின்றி அவர்களோடு சென்றான். 1944 ஏப்ரலில் மைதானெக் கொலைமுகாமில் மாண்டான். 1990-இல் எருசலேமிலுள்ள யாத் வஷேம் நினைவகம் லெ ஷாம்போனுக்கும் சூழ்ந்த ஊர்களுக்கும் ஒருங்கே சிறப்புப் பத்திரம் வழங்கியது. ஏனெனில் அங்கே இன்னார் காத்தார், இன்னார் காவார் என்று பிரித்துக் காட்ட இயலவில்லை.

கிறிஸ்தவர்க்கே உரிய குணம் இது என்று யாரேனும் கருதுவாராயின், அவர் அல்பேனியா நாட்டை நோக்குக. அந்நாட்டினர் பெரும்பாலும் இசுலாமியர். 'பெசா' என்பது அவர்தம் தொன்மையான அறம். கொடுத்த வாக்கைக் காத்தல், வந்தவனைத் தன் குடும்பத்தானாகக் கொள்ளல் என்று அதற்குப் பொருள். போருக்கு முன் அங்கிருந்த யூதர் ஏறத்தாழ 200. போர் முடிவில் ஏறத்தாழ 2000. ஜெர்மனி கைப்பற்றிய நாடுகளில் இங்ஙனம் யூதர் தொகை பெருகிய நாடு அரிது. ரெபிக் வெசெலி என்னும் இளைஞன் திரானா நகரில் நிழற்படத் தொழில் பயின்றுவந்தான், பதினேழு வயதளவினன். 1943-இல் ஜெர்மானியர் புகுந்தபொழுது, உடன் வேலைசெய்த மோஷே மாந்தில் என்னும் யூதரையும் அவர் மனைவி மக்களையும், இரவில் கோவேறு கழுதைமேல் ஏற்றிப் பகலில் ஒளித்து, மலையிலுள்ள தன் பெற்றோர் இல்லத்திற்குக் கொண்டுசென்றான். பெற்றோர் மறுக்கவில்லை. பெரியோரைத் தொழுவத்தின் மேலறையில் மறைத்தனர். சிறுவரை ஊர்ப்பிள்ளைகளோடு விளையாடவிட்டனர். நாடு விடுதலை பெறும் வரை ஊர் முழுதும் வாய்திறவாதிருந்தது. 1987-இல் யாத் வஷேம் சிறப்பித்த முதல் அல்பேனியர் இவ்வெசெலி குடும்பத்தினரே.

இதனைப் படித்தபொழுது எனக்கு வியப்புத் தோன்றவில்லை, நினைவு தோன்றியது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் விடியலில் 'தானே' புயல் எங்கள் கரையில் ஏறியது. எனக்கு அப்பொழுது ஐந்து வயது. எங்கள் வீட்டின் கூரை பறந்தது. அடுத்த வீட்டுக் கதவு, நாங்கள் தட்டுமுன்பே திறந்தது. நாங்கள் நன்னி என்று அழைக்கும் இசுலாமிய மூதாட்டி என்னை வாங்கித் தம் முந்தானையால் துவட்டினார். அவர் தொழுத அறையிலேயே எங்கள் தாயார் எங்கள் செபத்தைச் சொன்னார். புயலுக்கு இனமில்லை, அதனால் எங்களை ஏற்றதில் உயிரச்சமில்லை. ஆயினும் திறந்து பழகிய கதவே ஆபத்துக் காலத்திலும் திறக்கும் என்று இப்பொழுது உணர்கின்றேன்.

இச்சான்றுகளினின்று நாம் தெளிவன மூன்று. முதலாவது, அடைக்கலம் தந்தோர் தம் முன்னோர் பட்ட துயரை மறவாதவர், அன்றித் தம் முன்னோர் கொடுத்த வாக்கை மறவாதவர். இரண்டாவது, அது ஒருவன் செயலன்று, ஓர் ஊரின் செயல். கதவு திறப்பவள் ஒருத்தி. ஆயின் பால்காரன், ஆசிரியன், அஞ்சற்காரன், விளையாடும் சிறுவன் ஆகிய அனைவரும் வாய்மூடி இருந்தாலன்றி அகதி ஒருநாளும் பிழையான். மூன்றாவது, அவர்கள் தம்மை வீரர் என்று கருதவில்லை. பிற்காலத்தில் வினவியோர்க்கு, வேறென் செய்திருப்போம் என்றே பலரும் விடை பகர்ந்தனர். நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கின்றீர்கள் என்பது நம் ஆண்டவர் திருமொழி. மரக்காணத்துப் பாத்தியில் வெண்குன்றாய் நிற்கும் உப்பு கண்ணைக் கவரும். சோற்றிற் கரைந்த உப்போ கண்ணுக்குத் தோன்றாது. உணவைக் காப்பது தோன்றாத உப்பே.

தமிழராகிய நாம் இக்கதையைப் பிறர் கதையாகக் கேட்டல் கூடாது. 1983 ஜூலையில் கொழும்பு மாநகரில், வாக்காளர் பட்டியலைக் கையிற்கொண்டு கலகக்காரர் தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தனர். அன்றும் பட்டியலே கொலைக் கருவியாயிற்று. அன்றும் எத்தனையோ சிங்களக் குடும்பத்தாரும் இசுலாமியக் குடும்பத்தாரும் தம் தமிழ் அயலாரை அறைக்குள் மறைத்து, வாயிலில் நின்று, இங்கு ஒருவரும் இல்லை என்றனர். அவர்தம் பெயர் பெரும்பாலும் எந்நினைவகத்திலும் பொறிக்கப்படவில்லை. காக்கப்பட்டோர் நெஞ்சிலேயே அவை உள.

அவ்வாண்டு முதல் கடல்கடந்து தமிழகம் வந்த ஈழத்தமிழருள் சிலர் எங்கள் ஊருக்கு வடக்கே, கீழ்புத்துப்பட்டு முகாமில் வாழ்கின்றனர். பெயர்ப்பலகை இப்பொழுது 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியுள்ளது. மரக்காணம் செல்லும் பேருந்து அதன் வாயிலைத் தொட்டுச் செல்கின்றது. சிறுவயது முதல் நூறு முறையேனும் அவ்வழி சென்றிருப்பேன், ஒருமுறையும் இறங்கியதில்லை. அங்கே இறங்குவோர்க்குச் சிறையில்லை, கொலைமுகாமில்லை. வேண்டுவது ஐந்து நிமிட நடையே. அடைக்கலக் காதையை மனப்பாடமாக ஒப்புவிக்கவல்ல நான் அந்த ஐந்து நிமிடத்தை இதுகாறும் தந்திலேன். அரசு அவர்கட்கு இடம் தந்தது. அது முதல்வகை அடைக்கலம். குடிகள் தரவேண்டியது இன்னும் நிலுவையில் உள்ளது.

இவ்விடுமுறையில் இறங்குவதாக உறுதி பூண்டுள்ளேன். உடன்வர விரும்பும் நண்பர் உளராயின், கோட்டக்குப்பம் நிறுத்தத்திற் காத்திருப்பேன்.